பசுவுக்குப் போட்ட எருமை ஊசி

போன வியாழக்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு என் போன் அடித்தது. மணி இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மகள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அவள் பெயர் திரையில் வந்தால் முதலில் மணியைத்தான் பார்க்கிறேன். பின்னால் யாரிடமாவது சரியாகச் சொல்ல வேண்டி வரலாம் என்று ஒரு பயம். யாரிடம், எதற்கு என்றெல்லாம் கேட்காதீர்கள். பயந்த சுபாவத்துக்கு அதெல்லாம் தெரியாது.

"அப்பா, தலையீத்து மாடு. கன்னோட முன்னங்கால் ரெண்டும் வருது, தலை கிடைக்கல. பின்னாடி மடக்கி வெச்சிருக்கு. நீங்க அந்தக் காலத்துல எங்கயாவது பாத்திருக்..."

அதற்குள் பக்கத்தில் ஒரு பெண்குரல், "அய்யோ ஒதைக்குது, ஒதைக்குது!" என்று கத்தியது. பிறகு 'குபுக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. திரும்ப அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

என் மகள் பவித்ரா கால்நடை மருத்துவர். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகும் நடமாடும் மருத்துவ வண்டியில் தற்காலிக வேலை. சேர்ந்து நான்கு வாரம் ஆகிறது. வண்டியில் ஒரு டிரைவரும் உதவியாளர் ஒருவரும் உண்டு. அவர்களுடைய நம்பரை வாங்கித் தரச் சொல்லி முதல் நாளே கேட்டேன். "அப்பா, நான் எல்.கே.ஜி. போகல" என்றாள்.

அன்று நான் வீட்டில் இருந்ததே ஒரு கூத்து. வேலைக்குப் போனது மகள், லீவு போட்டது நான். கன்று போடும் நிலையில் ஒரு மாடு இருக்கிறது, முதலில் அங்கேதான் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். உடனே பள்ளிக்கூட ஆபீசுக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். அங்கே நான் குமாஸ்தா. சொன்னது பொய்யும் இல்லை. அவள் கேட்டைத் தாண்டினாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை வேண்டாம் என்று அவளிடம் சண்டை போட்டவன் நான். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிற பேங்க் வேலைக்குப் பரீட்சை எழுதச் சொன்னேன். கடைசியில் அவள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். "ஒரு மாசம் பாக்குறேன். என் கையில ஒரு மாடு செத்துச்சுன்னா நானே விட்டுட்டு உங்க பரீட்சைக்குப் படிக்கிறேன். சரியா?" சரி என்று அவசரமாகத் தலையாட்டினேன். இப்போது அவள் கையில் ஒரு மாடு. நான் ஆசைப்பட்டது நடந்துவிடும் போலிருந்தது. ஆனால் அந்தக் 'குபுக்'கைக் கேட்ட நிமிடத்திலிருந்து நான் வேண்டிக்கொண்டதெல்லாம் நேர்மாறாக இருந்தது. அந்த மாடு பிழைக்க வேண்டும். கன்றும் பிழைக்க வேண்டும். என் மகள் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். பேங்க் எக்கேடோ கெடட்டும்.

பைக் சாவியைத் தேடினேன். சாவி வழக்கமாகத் தொங்கும் ஆணியில் இல்லை. மனைவி சுமதி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "சாவி என்கிட்ட இருக்கு. நீங்க போனா அவ மாட்டைப் பாப்பாளா, உங்களைப் பாப்பாளா? பேசாம குந்துங்க."

பேசாமல் உட்கார எனக்கு வராது. பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லின் மேல் பவித்ராவின் இன்னொரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் அந்த வாசனை. வெயிலில் சூடான ரப்பர், எவ்வளவு கழுவினாலும் போகாத பசுஞ்சாணம், அதற்கு மேல் மருந்து சோப்பு. மூன்றும் சேர்ந்தால் ஒரு வாசனை வருகிறது பாருங்கள், அது எனக்கு இருபத்து நாலு வயது.

ஆமாம், அந்த வயதில் நானும் இதே ஊர்களில் மாட்டுக்குப் பின்னால் நின்றவன்தான். டாக்டராக இல்லை. பால் சொசைட்டிகளுக்குப் போய்ப் பசுவுக்கும் எருமைக்கும் சினை ஊசி போடுவது என் வேலை. ஊருக்கு ஊர் 'ஊசிக்காரர்' என்றார்கள். மரியாதை குறைந்த இடங்களில் 'ஊசி'. நான் ஒரு பழைய மொபெட்டில் போவேன். பின்னால் ஓர் அலுமினியக் குடுவையைக் கயிற்றால் கட்டியிருப்பேன். அதற்குள் திரவ நைட்ரஜன். அதில் காளைகளின் விந்து மெல்லிய வண்ணக் குழல்களில் உறைந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை பொங்கி வழியும். அந்தப் புகைக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. மருவை எரிக்க ஒரு சொட்டு ஊற்றச் சொல்லிக் கேட்பார்கள். மீன் வாங்கிவந்த ஒருவர், சாயங்காலம் வரை கெடாமலிருக்க உள்ளே ஓர் ஓரமாக வைத்துக் கொடுக்கச் சொன்னார்.

குழலை வெளியே எடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட வேண்டும். "அக்கா, கொஞ்சம் வெந்நீர்" என்பேன். புதிய ஊரானால் உள்ளே இருந்து, "காப்பியா, டீயா நைனா?" என்று கேட்பார்கள். அடுத்த முறை அந்தக் கேள்வி வராது. போன முறை கொடுத்த டம்ளர் மாட்டுத் தொட்டிப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்.

பெண் பார்க்கப் போன கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். மாப்பிள்ளைக்குப் பால் ஆபீசில் வேலை என்று என் அம்மா பொதுவாகச் சொல்லி வைத்திருந்தாள். பெண்ணின் மாமா விவரமானவர். பால் ஆபீசில் என்ன வேலை என்று கிளறி விஷயத்தை வெளியே எடுத்துவிட்டார். மாட்டின் பின்புறம் கையை முழங்கை வரை விட்டு, கருப்பையைப் பிடித்துக்கொண்டுதான் ஊசி போட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்போது உள்ளே இருந்து பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினாள்.

"எந்தக் கையாம்?"

"இடது கை" என்றேன்.

"அப்ப சரி" என்று பதில் வந்தது. அதுதான் சுமதி. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

வேலையில் சந்தோஷம் இருந்ததா என்றால், இருந்தது. விடிந்ததும் கிளம்பினால் ஏரிக்கரை மேல் காற்று முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு சொசைட்டி வாசலிலும் மாட்டை நிறுத்த இரும்புக் குழாயில் ஒரு சட்டம் இருக்கும். அதைச் சுற்றி நாலைந்து பேர் மாட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். "பொட்டக் கன்னா பாத்துப் போடு நைனா" என்பார்கள், ஏதோ நான் பொறுக்கி எடுத்துப் போடுவது போல. கிடாரி பிறந்தால் மாட்டின் ராசி. காளைக் கன்று பிறந்தால் ஊசிக்காரன் செய்த வேலை.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன். நடந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் நாலு பேர் சிரிப்பார்கள்.

குடுவைக்குள் பசுவுக்கான குழல்கள் ஒரு கிண்ணத்திலும் எருமைக்கானவை இன்னொரு கிண்ணத்திலும் இருக்கும். இரண்டு கிண்ணத்துக்கும் நீளமான கம்பிக் கைப்பிடி. திறந்ததும் அவசரத்தில் எது எது என்று குழம்பாமலிருக்க, கைப்பிடி நுனியில் நூல் கட்டி வைத்திருந்தேன். பசுவுக்குச் சிவப்பு, எருமைக்கு மஞ்சள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயுத பூஜை என்று ஒன்று இருக்கிறதே. என் அம்மா மொபெட்டைக் கழுவினாள், குடுவையைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். கைப்பிடியில் அழுக்கேறிக் கிடந்த நூல்களைப் பார்த்திருக்கிறாள். பூஜையில் வைக்கிற சாமானில் இப்படிக் கந்தல் நூலா என்று இரண்டையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புது நூல் கட்டினாள். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. கைப்பிடி மட்டும் மாறிவிட்டது.

பூஜை முடிந்த மறுநாள் முதல் மாடு பச்சையம்மாவுடையது. பச்சையம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவர். குரல் மட்டும் ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும். சொந்தமென்று இருந்தது அந்த ஒரே பசு. வெந்நீர் வாங்கினேன், சிவப்பு நூலைத் தூக்கினேன், ஊசி போட்டேன், மாட்டைத் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு, காளையின் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டுமே என்று வெட்டிய குழலை எடுத்துக் கண்ணுக்கு அருகே பிடித்தேன். எருமைக் கிடா.

எருமை விந்து பசுவுக்குச் சினை பிடிக்காது. மாட்டுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு பருவம் வீண். இருபத்தொரு நாள் கழித்து மாடு மறுபடி கத்தும், மறுபடி ஓட்டிவர வேண்டும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால், ஊசி நிற்கவில்லை என்று முடிந்துவிடும். அது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். வேலை நிரந்தரமாகாத நேரம். மொபெட்டில் ஏறி அடுத்த ஊர் வரை போய்விட்டேன். அங்கே மூன்று மாட்டைப் பார்த்தேன். மூன்றுக்கும் குழலை மூன்று முறை படித்தேன். சாயங்காலம் வண்டி தானாகத் திரும்பியது.

"அக்கா, ஒரு தப்பு ஆயிடுச்சு."

முழுவதையும் கேட்டுவிட்டுப் பச்சையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு.

"அடி இன்னாடி இது! ஒய்ங்கா கீற பசுவுக்கு எருமை ஊசி போட்டுட்டு வந்து நிக்கிறான்டி!"

ஏரியின் அந்தக் கரைக்கும் கேட்டிருக்கும். மறுநாள் நான் போவதற்குள் எனக்குப் புதுப்பெயர் வந்திருந்தது: எருமை ஊசி.

இருபத்தொரு நாள் ஆயிற்று. என் செலவில் குழல் எடுத்துக்கொண்டு போனேன். மாடு கத்தவில்லை. இன்னும் இருபத்தொரு நாள். கத்தவில்லை. மூன்றாம் மாதம் கையை விட்டுப் பார்த்தேன். கருப்பைக்குள், நீரில் மிதக்கும் உருண்டை போல ஒன்று விரலில் தட்டுப்பட்டு விலகியது. மாடு சினை.

எங்கள் மாட்டு டாக்டரிடம் ஓடினேன். "அது முடியாதுய்யா. உலகத்துலயே நடக்காது" என்றார். "சார், கையில தட்டுப்பட்டுச்சு சார்" என்றேன். "அப்ப உன் கையில ஏதோ கோளாறு" என்றார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கன்று கறுப்பாகத்தான் வரும் என்று ஒரு கட்சி, கொம்பு மட்டும் எருமைக் கொம்பாக இருக்கும் என்று ஒரு கட்சி. நான் வாரம் தவறாமல் போனேன். தாது உப்பு கொண்டுபோனேன், உண்ணி எடுத்தேன், தலையைத் தடவிக்கொடுத்தேன். அது ஏதோ என் கர்ப்பம் போல இருந்தது. பச்சையம்மா ஒவ்வொரு முறையும், "வா நைனா, உன் மாட்டப் பாரு" என்பார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு இருக்கும். எனக்கு அதன் அர்த்தம் புரிந்ததில்லை.

ஆடி மாதம் ஒரு முற்பகல், கன்று வரப்போகிறது என்று ஓர் ஆள் வந்து சொன்னான். கூழ் ஊற்றும் நாள். கூழ் வாங்க வந்த கூட்டம் அப்படியே குண்டானோடு பச்சையம்மா வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது. ஈரமாக வந்து விழுந்தது கன்று. கறுப்பு இல்லை. சாம்பல் வெள்ளை, முதுகில் குட்டித் திமில், கிடாரி. ஏரிக்கரையில் திரியும் கோயில் காளையை உரித்து வைத்தது போல இருந்தது.

கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திச் சிரித்தது. நான் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றேன். பச்சையம்மா கன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏரிக்கர வழியாத்தான நைனா ஓட்டியாந்தேன். நீ ஊசி போடறதுக்கு முன்னாடியே வேல முடிஞ்சிட்ச்சி."

"அப்புறம் ஏங்கா எங்கிட்ட ஓட்டியாந்த?"

"இஸ்துகினு அவ்ளோ தூரம் வந்தாச்சே. இதும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு."

"ஒம்பது மாசமா ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா வாராவாரம் வந்து உப்பு குடுப்பியா? உண்ணி எடுப்பியா? இந்த ஊர்ல எவன் மாட்டுக்கு இந்தக் கவனிப்பு கீது, சொல்லு."

அந்த வெள்ளைக் கன்றுக்கு அவர் வைத்த பெயர் எருமை. "ஏ எருமை, வா" என்று அவர் கூப்பிட, வெள்ளை வெளேரென்று ஒரு பசு துள்ளி வருவதை வெளியூர்க்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருடமே நான் பரீட்சை எழுதிக் குமாஸ்தா வேலைக்கு வந்துவிட்டேன். அதோடு அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. வெட்கமா, நேரமின்மையா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவும் நினைத்திருக்கிறேன். மணி ஒன்று நாற்பது. சுமதி தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவளும் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்தேன். "பயப்படாதீங்க" என்று என்னிடம் சொன்னவள், நிமிடத்துக்கு ஒரு தரம் தன் போனை எடுத்து மகளுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்குப் போனேன், வந்தேன், போனேன்.

வாசலில் நிற்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இருந்தவற்றில் என்ன மிச்சம்? இரும்புச் சட்டங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சொசைட்டி வாசலில் இப்போது பைக் நிற்கிறது. அந்தக் கோயில் காளை போனது, அதற்குப் பிறகு ஊரில் வேறு காளை விடவில்லை என்று கேள்வி. நூல் கட்டிய என் அம்மா இல்லை. என் தலையில் அடர்ந்திருந்த சுருட்டை முடி இல்லை. அது இருந்த இடத்தில் இப்போது வெயில் அடிக்கிறது. யார் நம்பரும் யாருக்கும் மனப்பாடம் இல்லை. ஊசிக்காரன் என்று ஓர் ஆள் இருந்ததும் யாருக்கும் நினைவில் இல்லை.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அறுபது வயதுப் பெண் ஒருவர் இறங்கினார். ஒரு கையில் தூக்குச் சட்டி, இன்னொரு கையில் அரிசி போட்ட பிளாஸ்டிக் கவர். அரிசிக்குள் பாதி புதைந்து பவித்ராவின் போன்.

"டாக்டரம்மா வூடு இதான சார்?"

முகம் சுருங்கியிருந்தது, முடி வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. காலையில் போனில் "ஒதைக்குது" என்று கத்தியதும் இந்தக் குரல்தான். பச்சையம்மா. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"மாடு?" என்றேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்.

"எய்ந்து நிக்குது சார். கன்னு பால் குடிக்குது. டாக்டரம்மா நல்லா கீது, பயப்படாத. நான்தான் போன அது காதுல புடிச்சிக்கினு இருந்தேன். மாடு ஒதச்ச ஒதையில கழனித்தண்ணித் தொட்டில வுயுந்துட்ச்சி. வண்டி அடுத்த ஊருக்குப் பூட்டுது. உங்க நம்பரு அதுக்கு மனசுல இல்லியாம். 'தவுடு வாங்கத் தான டவுனுக்குப் போறீங்க, இதக் குடுத்துடுங்க, எங்க அப்பா வாசல்லயே நின்னுக்கினு இருப்பாரு'ன்னு சொல்லிச்சி. சொன்னாப்புலயே நிக்கிறியே!"

நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். முன்பு ஒரு நாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டது போல.

"ஒரு மணி நேரம் சார். கைய உள்ள வுட்டு, கண்ண மூடிக்கினு தேடுது. கன்ன உள்ள தள்ளுது, மறுபடி தேடுது. மூக்கு ஆப்ட்டதும் சிரிச்சிச்சி பாரு, எனக்கு அய்கை வந்துட்ச்சி. அந்த மாடு எங்க எருமை வம்சம் சார். சாக வுடலாமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்து விளக்கினார். "முன்ன எங்க ஊருக்கு ஊசி போட ஒருத்தன் வருவான். சுருட்ட முடி. பசுவுக்கு எருமை ஊசி போட்டுட்டான், கேட்டுகீறியா எங்கியாச்சும்?"

தண்ணீர்ச் செம்போடு வந்த சுமதி அப்படியே திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்குவது தெரிந்தது.

"அந்த ஆள் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டேன்.

"எங்க கீறானோ. நல்ல புள்ள சார். தப்ப வந்து அவனே சொன்னான். ஒம்பது மாசம் மாட்டப் பாத்துக்கினான். மனசு தங்கம்." பச்சையம்மா தூக்கை என் பக்கம் நீட்டினார். "கன்னு குடிச்சது போக மிச்ச சீம்பால், வாங்கிக்க."

நான் வலது கையை நீட்டினேன்.

"அவனுக்கு மனசு இருந்திச்சி, கைதான் இல்ல. உங்க பொண்ணுக்கு ரெண்டும் கீது சார்."